சுருள்வில் நாற்காலியும் சணல் கயிறும்

சுருள்வில் நாற்காலி என்பது எஃகுக் கம்பிச் சுருள்களின் மேல் நாரும் துணியும் பொதிந்து செய்யப்படும் கை வைத்த நாற்காலி. பேச்சுவழக்கில் ஸ்பிரிங் சேர். வியன்னாவில் ஜார்ஜ் யூனிகல் 1822இலும், லண்டனில் சாமுவேல் பிராட் 1828இலும் சுருள்வில் இருக்கைக்குக் காப்புரிமை பெற்றனர். ஆங்கிலேயர் வழியாக இது இந்தியாவுக்கு வந்தது. நம் ஊர் வெக்கைக்குப் பிரம்பு நாற்காலியே ஏற்றது என்றாலும், பெரிய வீட்டுக் கூடங்களில் இதற்கும் ஓர் இடம் இருந்தது.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் சேத்தூர், சிவகிரி முதலிய ஜமீன்கள் முடிவுக்கு வந்தன. அக்காலப் பெரிய வீடுகளின் மரச்சாமான்கள் பல ஊர்களில் கைமாறின. செட்டிநாட்டு வீடுகளின் பழம்பொருட்களை இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பார்க்கலாம்.

இருக்கை அமுங்கிவிட்டால் ‘ஸ்பிரிங் போச்சு’ என்பார்கள். பெரும்பாலும் அது தவறு. கனத்த எஃகுச் சுருள் பல தலைமுறை தாங்கும். முதலில் போவது அதன் கீழுள்ள சணல் பட்டையும் மேலே கட்டிய கயிறும்தான். வங்காளச் சணல் ஸ்காட்லாந்தின் டண்டி ஆலைகளுக்குப் போய் நூலாகித் துணியாகி உலகெங்கும் விற்ற காலம் அது. ஈரமும் பூச்சியும் அந்தச் சணலை அரிக்கின்றன. கயிறு அறுந்த சுருள் பக்கவாட்டில் சாய்ந்து துணியைக் குத்திக் கிழிக்கும்.

பழுது பார்ப்பவர் நாற்காலியைக் கவிழ்த்து, இற்ற பட்டைகளை நீக்கி, புதியவற்றைக் கட்டில் நாடா போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இழுத்து ஆணி அடிப்பார். சுருள்களின் அடிவளையத்தைப் பட்டையோடு தைப்பார். பிறகுதான் கடினமான வேலை. முன்பின்னாக, இடவலமாக, இரு மூலைவாட்டிலும் கயிறு ஓட்டி ஒவ்வொரு சுருளின் மேல்வளையத்திலும் எட்டு முடிச்சு போட வேண்டும். ஒன்பது சுருளுக்கு 72 முடிச்சு. எல்லாச் சுருளும் ஒரே அளவு அமுங்கி நிற்க வேண்டும்; ஒன்று தளர்ந்தாலும் உட்காருபவருக்குத் தெரிந்துவிடும். அதன் மேல் சாக்குத்துணி, பொதி, மேலுறை. பொதிக்குக் குதிரைமுடி கிடைக்காத இடத்தில் தேங்காய் நார் போதும். சேத்தூர், தேவதானம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அதற்குப் பஞ்சமில்லை.

சிலர் அடியில் ஒரு பலகையை அடித்து வேலையை முடித்துவிடுவார்கள். சுருளுக்குக் கீழே இருந்த நெகிழ்வு அதோடு போய்விடும்.

டன்லப் நிறுவனத்தார் 1929இல் ரப்பர் பாலிலிருந்து நுரை மெத்தையை உருவாக்கினர். பின்னர் பாலியூரித்தேன் நுரை அதைவிட மலிவாக வந்தது. நுரையை அளவாக வெட்டி வைக்க முடிச்சு எதுவும் தெரிய வேண்டியதில்லை. இன்றைய குஷன் கடைகள் பலவற்றில், பழைய நாற்காலி வந்தால் நல்ல நிலையில் உள்ள சுருள்களையே முதலில் பிடுங்கி இரும்புக் கடைக்கு அனுப்புகிறார்கள்.