கம்பும் சட்டமும்: கெடா தோட்டப்புறத்துத் தொண்டர் படையை முன்னிட்டுச் சில குறிப்புகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மலாயாத் தமிழர் வரலாற்றில் கெடாவின் தொண்டர் படைக்குத் தனியிடம் உண்டு. பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் 1946இல் எழுந்த அவ்வியக்கம் கள்ளெதிர்ப்பு இயக்கமாகவும் தொழிற்சங்க எழுச்சியாகவுமே பெரும்பாலும் ஆராயப்பட்டுள்ளது. அத்தொண்டர்களின் கையிலிருந்த கம்பு சட்டத்தின் பார்வையில் என்னவாக இருந்தது என்னும் வினாவும் ஆராயத்தக்கதே.

தொண்டர் படையினருள் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றவர்கள் பலர். அணிவகுப்பும் கட்டளையும் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் துப்பாக்கிகள் 1945இலேயே போய்விட்டன. எஞ்சியது தோட்டத்தில் கிடைத்த கம்பு. அது தோட்டத்திற்குப் புதியதன்று. சிலம்பம் தமிழகத்திலிருந்து தொழிலாளரோடு கப்பலேறி வந்த கலை. கோயில் திருவிழாக்களில் ஆடப்பட்டது. பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு அன்றாடத் தொழிற்கருவி. புல் வெட்டும் கத்தியும் பால்மரம் சீவும் கத்தியும் இல்லாத தொழிலாளர் வீடு அரிது. நிருவாகம் தானே வழங்கிய கருவிகளை ஆயுதம் என்று கூற இயலாது.

ஆயினும், அதே கம்பை ஏந்தியோர் பலராகத் திரண்டு கள்ளுக்கடையை நோக்கிச் சென்றபோது நிலைமை மாறியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 141ஆம் பிரிவு, குறிப்பிட்ட தீய நோக்கங்களுடன் கூடும் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோரைச் சட்டவிரோதக் கூட்டம் என்கிறது. 144ஆம் பிரிவு, தாக்குதலுக்குப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய எப்பொருளையும் ஏந்தி அக்கூட்டத்தில் சேர்வதைக் கூடுதல் குற்றமாக்குகிறது. 'எப்பொருளையும்' என்பதே இங்கு உயிர்நாடி. அப்பொருள் பட்டறையில் வார்க்கப்பட்டதா, காட்டில் வெட்டப்பட்டதா என்று சட்டம் வினவுவதில்லை. வீட்டில் செய்த ஆயுதம் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பும் என்னும் எண்ணத்திற்கு இதில் இடமில்லை.

1947இன் முற்பகுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியல் காவல்துறையினருடனான மோதலாக முடிந்து, தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டில் டப்ளின் தோட்டத்தில் காவலர் சுட்டதில் மற்றொருவர் மாண்டார். பலர் கைதாகிச் சிறை சென்றனர். கம்புக்கும் துப்பாக்கிக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வைக் குறிப்பிடாமல் 'ஆயுதமேந்திய கூட்டம்' என்று மட்டும் எழுதுவது வரலாற்று நேர்மையாகாது. அதேவேளை, குடித்தவர்களைக் கட்டிவைத்துத் தண்டித்த தொண்டர் படையின் செயல்களை மறைப்பதும் நேர்மையன்று. அத்தண்டனைகளுக்குச் சட்ட அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. கம்பு அங்கே காவலின் சின்னமாக மட்டுமன்றி அச்சத்தின் சின்னமாகவும் இருந்தது.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. கூட்டம் தேவையில்லை, தனியொருவர் தகுந்த அதிகாரமோ சட்டத்திற்குட்பட்ட நோக்கமோ இன்றிப் பொதுச் சாலையில் அல்லது பொது இடத்தில் தாக்கும் ஆயுதத்தை வைத்திருப்பதே 6ஆம் பிரிவின்படி குற்றம். இன்று அதற்குக் குறைந்தது 5 ஆண்டு, கூடினால் 10 ஆண்டுச் சிறை, பிரம்படியும் விதிக்கப்படலாம். கம்பு வைத்திருந்தவனுக்கு அரசு தரும் தண்டனையிலும் ஒரு பிரம்பு இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இச்சட்டத்தில் இடமும் நோக்கமும்தாம் அளவுகோல். தோட்டத்தில் வாழ்ந்தவரைக்கும் கத்தியும் கம்பும் வேலைக்கென்பது விளக்கமின்றியே விளங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களுக்காக விற்கப்பட்டும் போக, தொழிலாளர் குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. அங்கு வாகனத்தில் கிடக்கும் ஒரு பாராங்கத்திக்கு மரமோ புல்வெளியோ சாட்சி சொல்வதில்லை. சிலம்பப் பயிற்சிக்குச் செல்லும் மாணவனின் நோக்கம் சட்டத்திற்குட்பட்டதே. எனினும் இருட்டிய சாலையில் அதைக் காவலருக்கு விளங்கவைக்கும் பொறுப்பு அவனுடையதாகிறது. பயிற்சியின் இடத்தையும் நேரத்தையும் குறித்து ஆசிரியர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் அவனிடம் இருப்பது நலம்.