ராணித்தலை ரூபாய் - அசல் மதிப்பு என்ன?

படப்பை, ஒரகடம் பக்கத்து கிராமங்களில் பழைய ஓட்டு வீட்டை இடிக்கும்போது டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் வருவதுண்டு. அடுத்து இரண்டு வழிதான் கண்ணுக்குத் தெரியும். ஒன்று அடகுக்கடைத் தராசு. மற்றொன்று "பழைய காசுக்கு லட்ச ரூபாய்" என்று இணையத்தில் வரும் விளம்பரம். முன்பணம், கமிஷன் என்று கறக்கும் இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

சரி, இந்தக் காசின் கதை என்ன? 1818ல் சென்னை மாகாணத்தில் தங்க வராகனுக்குப் பதிலாக 180 கிரெயின் எடையுள்ள வெள்ளி ரூபாய் அதிகாரபூர்வ நாணயமானது. 1835ல் கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் அதே எடையை வைத்தார்கள். அதாவது முன்னோட்டம் நம்ம சென்னையில்! 180 கிரெயின் என்றால் 11.66 கிராம், ஒரு தோலா. அதனால் ரூபாயே எடைக்கல்லாகவும் ஆனது: 3 ரூபாய் எடை ஒரு பலம், 8 பலம் ஒரு சேர். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி என்பதால் தேயாத காசில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். இதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது குறைந்தபட்ச மதிப்பு. அதற்குக் கீழே கேட்பவரிடம் கொடுக்க வேண்டியதில்லை.

அடையாளம் காண்பது எளிது. 1840 காசில் கிரீடம் இல்லாத இளம் ராணி, பின்புறம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி பெயர். 1862ல் கிரீடம் வந்தது, பெயர் "விக்டோரியா குவீன்". 1877 முதல் "எம்ப்ரஸ்".

ஏமாறுவது இங்கேதான். 1840 என்ற தேதியை மாற்றாமல் சுமார் இருபது ஆண்டுகளும், 1862 என்பதை 1874 வரையிலும் அடித்துத் தள்ளினார்கள். ஆகவே பழைய தேதி என்றால் அபூர்வம் என்று அர்த்தமில்லை. இந்த இரண்டும்தான் அதிகம் கிடைப்பவை. மாறாக 1893 ஜூனில் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதை அரசு நிறுத்தியது. அதன்பின் சில ஆண்டுகள் உற்பத்தி மிகவும் சுருங்கியது. 1894ஐ அடுத்த தேதிகள் தென்பட்டால் தனியே எடுத்து வைத்து, நாணய வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பது நல்லது.

(சென்னை தங்கசாலை 1869லேயே மூடப்பட்டுவிட்டது. தெருவின் பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது.)

தேதிக்கு அடுத்தபடி பார்ப்பது தேய்மானம். ராணியின் கூந்தல் கோடுகளும் உடையின் பூவேலையும் தெளிவாக இருந்தால் விலை ஏறும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்தது, ஓட்டை போட்டது என்றால் வெள்ளி விலைதான். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! அந்தக் கறுப்புப் படிவைத்தான் சேகரிப்பாளர் தேடுகிறார். போலிகளும் உலவுகின்றன, எடை 11.66 கிராமிலிருந்து வெகுவாக விலகினால் சந்தேகப்படலாம்.

பெட்டியில் இருந்தது குடும்பச் சொத்து. மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது வேறு கணக்கு: 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வயது தாண்டிய நாணயங்கள் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால், விக்டோரியா காசை வெளிநாட்டு ஆளுக்கு விற்று அனுப்பவும் முடியாது.