காய்ச்சலுக்குக் கூலி உண்டு, பரிசோதனைக்கு?

பி.காம்.மில் தொழிற்சட்டம் பேப்பர் எழுதியவர்கள் எல்லோரும் ஈ.எஸ்.ஐ. சலுகைகளை வரிசையாக ஒப்பித்திருப்போம். அதே பட்டியலை வரலாறாகப் படித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது.

1944இல் பேராசிரியர் பி.பி.அதார்க்கர் ஆலைத் தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீடு பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நம் பக்கம் 1955இல் கோவைக்கு வந்தது. டாக்டர் சான்றிதழ் இருந்தால் ஏறக்குறைய பாதிக் கூலி, வருடத்துக்கு 56 நாள் வரை. பிற்பாடு அது 91 நாள், 70 சதவீதம் என்று வளர்ந்தது. மில்லில் படுத்தால் கூலி போச்சு என்றிருந்த காலத்தில் இது சின்ன விஷயமே இல்லை.

ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. காத்திருப்பு நாட்களாம்! ஒரே ஒரு நாள் லீவு போட்டு சர்க்கரையோ ரத்த அழுத்தமோ பார்த்துவர நினைப்பவருக்கு இதில் ஒரு பைசா இல்லை. அவர்தான் நோயாளியே இல்லையே. டிஸ்பென்சரியில் வைத்தியம் இலவசம்தான். அங்கே வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவது?

அதே 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம் இன்னும் வேடிக்கை. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, 20 நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுவருடம் சம்பளத்தோடு லீவு கொடுத்தது. அதைக் கேட்க 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நோய் என்றால் மட்டும் அந்த நிபந்தனை இருக்கவில்லை. அதாவது படுத்துவிட்டால் உடனே லீவு, படுக்காமல் பார்த்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ்.

பிரசவத்தை விட்டுவிட்டால், நோயே இல்லாதவருக்கு ஈ.எஸ்.ஐ. முழுக் கூலி கொடுத்த இடம் ஒன்று உண்டு. வருடம் 1976, நெருக்கடி நிலை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள். கூலியை ஈடுகட்டினால்தான் ஆள் வருவார் என்பது அரசுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! காசநோய் வந்தபிறகு நீண்ட நாள் சலுகை தந்த அதே திட்டம், அது வருமுன் பார்க்கும் நாளுக்கு அந்தக் கணக்கைப் போடவில்லை.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு முதலாளி ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை செய்துதர வேண்டும் என்று அரசு அறிவித்தது. நல்லதுதான். பரிசோதனைக்குப் போகும் அந்த அரை நாளை மஸ்டர் ரோலில் எப்படிக் குறிப்பார்கள் என்று உங்கள் வீட்டில் யாராவது ஆலைக்குப் போனால் கேட்டுச் சொல்லுங்கள்.