வாடகை வருமானத்தில் மூலத்திலேயே வரி பிடித்தல் (பினாங்கு)

வாடகையாகவோ குத்தகையாகவோ ஒருவர் செலுத்தும் தொகையில், அதைப் பெறுபவர் சர்க்காருக்குக் கட்டவேண்டிய வருமான வரியைச் செலுத்துபவரே முன்கூட்டிப் பிடித்துக் கஜானாவில் சேர்த்துவிடும் ஏற்பாடு மூலத்திலேயே வரி பிடித்தல் எனப்படும். பினாங்குத் தீவில் இதன் சரித்திரம் ஒரு விசேஷம் உடையது. ஜார்ஜ் டவுனில் தெருத்தெருவாக நிற்கும் கடைவீடுகளின் வாடகையை இவ்வேற்பாடு நேராகத் தீண்டவில்லை. கடல் கடந்து வந்து தொழிற்சாலைகளில் ஓடும் இயந்திரங்களின் வாடகையையே அது பற்றிக்கொண்டது.

இம்முறையின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1799இல் பிரதமர் பிட் விதித்த வருமான வரி, ஒவ்வொருவரும் தம் மொத்த வரும்படியைத் தாமே வெளியிடவேண்டும் என்ற நம்பிக்கையின்மேல் நின்றமையால் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 1803இல் அப்போதைய பிரதமர் ஆடிங்டன் வருமானத்தை ஐந்து பட்டியல்களாகப் பிரித்து, நிலமும் கட்டடமும் அடங்கிய முதற்பட்டியலில், குடியிருப்பவரே வரியைக் கட்டிவிட்டு உடையவருக்குத் தரும் வாடகையில் அத்தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று விதித்தார். வீட்டுக்காரரின் அந்தரங்க வரும்படிக் கணக்கை எவரும் கேளாமலே வரி வந்து சேர்ந்தது. குடித்தனக்காரரோ கூலியின்றிச் சர்க்காரின் வசூல்காரர் ஆனார். அந்தச் சுமை நியாயமானதா என்ற வினா அன்றே பிறந்தது; இன்றும் அதற்கு உயிர் இருக்கிறது.

பினாங்கில் கட்டடத்தின்மேல் வரி என்பது வருமான வரிக்கு மிகவும் முற்பட்டது. 1800இலேயே மதிப்பீட்டாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது; பிற்கால நகராண்மை வீட்டு வரியும் ஆண்டு வாடகை மதிப்பையே ஆதாரமாகக் கொண்டது. வருமான வரியின் கதை வேறு. வியாபாரிகளின் கடும் எதிர்ப்பினால் 1910ஆம் ஆண்டு மசோதா கைவிடப்பட்டது. முதல் உலகப் போரின் நிமித்தம் 1917இல் யுத்த வரியாகப் புகுந்தது, 1922க்குப்பின் நீடிக்கவில்லை. குடியேற்ற நாடுகளுக்கென 1922இல் வகுக்கப்பட்ட மாதிரிச் சட்டத்தை அடியொற்றிய 1947ஆம் ஆண்டு ஆணைச்சட்டம் 1948 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த பின்னரே வருமான வரி மலாயாவில் நிலைபெற்றது. ஆடிங்டன் காலத்துக் குடித்தனக்காரர் வசூல் அச்சட்டத்தோடு கப்பலேறி வரவில்லை.

வாராமற்போனது இத்தீவுக்கு நன்மையே என்பதற்கு அக்கால ஜார்ஜ் டவுன் கடைவீடு ஒன்றின் உள்ளமைப்பே சாட்சி. உடையவரிடமிருந்து தலைமை வாடகைதாரர் ஒருவர் வீடு முழுவதையும் எடுப்பார். கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டு, மாடியைப் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாக்கி, அறைக்கொரு குடும்பமாகக் கூலிக்காரருக்கும் கைத்தொழிலாளருக்கும் உள்வாடகைக்கு விடுவார். ரசீது இல்லாமல் கைக்குக் கை மாறிய அந்தச் சில்லறை வெள்ளிகளில் எந்தப் படியில் எவர் எவ்வளவு பிடிப்பது? அன்றியும், 1948ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைச்சட்டமும் அதனைத் தொடர்ந்த 1966ஆம் ஆண்டுச் சட்டமும், போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் கட்டிவைத்திருந்தமையால், பழுது பார்க்கவே போதாத வாடகையில் வரிக்கு எஞ்சியது சொற்பமே. 1997இல் ரத்துச் சட்டம் நிறைவேறி, 1999 டிசம்பரோடு இடைக்கால அவகாசம் முடிந்தபின், வாடகைகள் உயர்ந்து தலைமுறை தலைமுறையாக இருந்த பலர் நகரின் உட்பகுதியை விட்டு வெளியேற நேர்ந்தது.

தமிழர் சம்பந்தமான வாடகை வருமானத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் சொத்து தனியிடம் உடையது. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, மூன்றாண்டுத் தவணையில் கொண்டுவிற்க வந்த ஏஜெண்டு பினாங்கு வீதிக் கிட்டங்கி என்னும் வணிகக் கூடத்தில் பெட்டியடியில் அமர்ந்து, வட்டியோடு வாடகையையும் வசூலித்துப் பேரேட்டில் பதிந்து ஊருக்குக் கணக்கு அனுப்பினார். உடையவர் கடலுக்கு அப்பால் இருந்தாலும் அவருடைய சார்பாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அந்நியவாசியின் வரிக்கு உள்நாட்டுச் சார்பாளரைப் பொறுப்பாக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்ததால், குடித்தனக்காரரைத் தேடிப்போகவேண்டிய தேவை வரி அதிகாரிக்கு இல்லை.

1968 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் ஸ்தாவர சொத்தின் வாடகையை இவ்வாறே விட்டுவைத்தது. ஆனால் 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தோன்றி, மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபின் நிலைமை மாறிற்று. வெளிநாட்டு ஸ்தாபனத்தின் சோதனை இயந்திரம் இங்கே ஓடும். அதன் வாடகை அங்கே போகும். இங்கே அலுவலகமும் இராது, ஏஜெண்டும் இரார். வீட்டைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டுப் போக முடியாது. இயந்திரத்தைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிவிடலாம். இந்தக் குறையை நிரப்பவே, இந்நாட்டில் வசியாத ஒருவருக்கு ஜங்கம சொத்தின் உபயோகத்துக்காகச் செலுத்தும் வாடகை, தனிவகை வருமானமாக 1983 அக்டோபர் 21 முதல் வரி பிடித்தலுக்கு உட்படுத்தப்பட்டது. இயந்திரம் எங்கிருக்கிறது என்பதன்று, வாடகையை மலேசியாவில் வசிப்பவர் செலுத்துகிறாரா அல்லது இங்கு நடக்கும் தொழிலின் செலவாக எழுதுகிறாரா என்பதே சட்டம் நோக்கும் குறி.

நடைமுறை எளிது. ஒரு தொழிற்சாலை 1,00,000 ரிங்கிட் இயந்திர வாடகை தரவேண்டியிருந்தால், இப்போதைய 10 சதவிகித விகிதப்படி 10,000 ரிங்கிட்டைப் பிடித்து, பணம் கொடுத்த அல்லது வரவு வைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குச் செலுத்தி, 90,000 ரிங்கிட்டை மட்டும் அனுப்பும். செலவு எதுவும் கழிக்கப்படாத மொத்தத் தொகையின் மேலேயே கணக்கு. தவறினால் கட்டாத வரியோடு அதில் பத்தில் ஒரு பங்கும் சேரும்; அவ்வாடகையைத் தொழிற்செலவாகக் கழித்துக்கொள்ளும் பாத்தியதையும் போய்விடும். இந்த இரண்டாவது தண்டனையே கணக்கர்களை விழிப்பாக வைத்திருப்பது. இரட்டை வரி ஒப்பந்தங்கள் சில நாட்டாருக்கு விகிதத்தைக் குறைக்கின்றன.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நேர்மாறாக, வீட்டு வாடகையே இவ்வேற்பாட்டின் பிரதான விஷயமாயிற்று. இந்தியாவில் 1994 ஜூன் முதல் நிறுவனங்கள் செலுத்தும் வாடகையிலும், 2017 ஜூன் முதல் மாதம் 50,000 ரூபாய்க்குமேல் தரும் சாதாரணக் குடித்தனக்காரர் செலுத்தும் வாடகையிலும் வரி பிடிக்கப்படுகிறது. பின்னவருக்கான விகிதம் 5 சதவிகிதமாக இருந்து 2024 அக்டோபர் முதல் 2 ஆயிற்று. இலங்கை 2018 ஏப்ரலில் 10 சதவிகிதம் விதித்து, 2020 ஜனவரியில் நீக்கி, 2023 ஜனவரியில் மீண்டும் கொணர்ந்தது. ஆயினும் பினாங்குத் தமிழரை நேராகத் தொடுவது வேறொரு விதி. காரைக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ பூர்வீக வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பினாங்குவாசி இந்தியச் சட்டத்தின் கண்ணில் அந்நியவாசி. அவருக்குத் தரும் வாடகை எத்துணைச் சிறிதாயினும், வரிக்கு உட்படுமாயின், வரம்பு எதுவும் இல்லை, விகிதம் 30 சதவிகிதமும் மேல்வரியும். பிடித்துக் கட்டும் கடமை அவ்வீட்டில் குடியிருக்கும் ஆசிரியருக்கோ கடைக்காரருக்கோ உரியது. பிடிக்காவிடில் குற்றவாளி ஆகிறவரும் அவரே. வீட்டுக்காரர் எந்த ஊரில் வசிக்கிறார் என்பதன்றி வேறொரு பேதமும் அறியாத ஒரு குடும்பத்தின் தலையில் இவ்வளவு கடமையை ஏற்றுவது தகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்.

மலேசியாவிலோ, வெளிநாட்டில் வாழும் வீட்டுக்காரர் நிகர வாடகைக்கு 30 சதவிகித வரியைத் தாமே கணக்குக் காட்டிச் செலுத்தவேண்டும். குடித்தனக்காரர்மேல் சட்டம் எதையும் சுமத்துவதில்லை. 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்துக்கு இடும் முத்திரையை அதே வாரியமே வசூலிப்பதால், எந்த வீடு எவ்வளவுக்கு விடப்பட்டது என்பது அதன் பார்வைக்கு வந்துவிடுகிறது.

கட்டட வாடகை வரிப்பிடித்தத்துக்கு உட்படும் ஒரு வழி மட்டும் அண்மைக்காலத்தில் திறந்தது. நிலச்சொத்து முதலீட்டு அறநிதிகள் தம் மொத்த வருமானத்தில் 90 சதவிகிதத்துக்குக் குறையாமல் பங்குதாரருக்குப் பகிர்ந்தளித்தால் அறநிதி வரி கட்டுவதில்லை; அதற்கு ஈடாகப் பங்கீட்டிலேயே வரி பிடிக்கப்படுகிறது. தனிநபருக்கான விகிதம் 2007இல் 15 சதவிகிதமாக இருந்து 2009இல் 10 ஆகக் குறைக்கப்பட்டது. கர்னி கடற்கரைச் சாலையிலுள்ள கர்னி பிளாசா இத்தகைய அறநிதி ஒன்றுக்கு உரியது. அங்கே கடை வைத்திருப்பவர் முழு வாடகையையும் பிடித்தமின்றிக் கட்டுகிறார்; அவ்வாடகை பங்கீடாக மாறி முதலீட்டாளரைச் சேரும்போதே வரி கழிகிறது, அதைக் கழிக்கும் பொறுப்பும் அறநிதியுடையது.