600 யென்னும் ஒரு கிதாரும்

ஏழை கையில் மிஞ்சுகிற காசு யாருடையது? இந்தக் கேள்வியோடுதான் ஒரு ஜப்பானியப் படக்கதையையும் அதிலிருந்து எடுத்த தொலைக்காட்சித் தொடரையும் நான் அணுக நேர்ந்தது. ஜப்பானிய மொழி எனக்குத் தெரியாது. தெரிந்த நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டதுதான். படக்கதை ஹருகோ காஷிவாகி 2014 முதல் ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ இதழில் வரைந்தது. தொடர் 2018 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஃபுஜி அலைவரிசையில் செவ்வாய் இரவுகளில் வந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர்: ‘ஆரோக்கியமான, பண்பாடுள்ள, குறைந்தபட்ச வாழ்க்கை.’ என்னய்யா இது, அரசாங்கக் கையேடு மாதிரி இருக்கேன்னு கேட்டேன். கையேடு இல்லை, அது ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவிலிருந்து எடுத்த சொற்றொடர்.

அப்படி வாழ எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிற வாசகம் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் எழுதிக் கொடுத்த வரைவில் கிடையாது. 1946இல் நாடாளுமன்றத்தில் சோஷலிஸ்டுக் கட்சியின் மொரிதோ தத்சுவோ போன்றவர்கள் வாதாடிச் சேர்த்தது. அரசியல் சட்டம் அந்நியர் திணித்தது என்று அங்கே வலதுசாரிகள் ஓயாமல் சொல்வதுண்டு. திணிக்கப்படாத இந்தப் பிரிவைப் பற்றி அவர்களிடம் பெரிதாகப் பேச்சில்லை.

வாசகம் எழுதியாயிற்று, அது எவ்வளவு யென் என்று யார் சொல்வது? ஒகாயாமா காசநோய் மருத்துவமனையில் கிடந்த அசாஹி ஷிகெரு என்ற நோயாளிக்கு அரசு கைச்செலவுக்காக மாதம் 600 யென் கொடுத்துவந்தது. பனியன் 2 வருஷத்துக்கு ஒன்று, உள்ளாடை வருஷத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு வந்த 600. பல வருஷம் தொடர்பில்லாத அண்ணனைத் தேடிப் பிடித்து, மாதம் 1,500 யென் அனுப்பச் செய்தார்கள். அனுப்பியதும் 600ஐ நிறுத்தினார்கள். அண்ணன் பணத்திலிருந்து 600ஐ மட்டும் அவர் கையில் விட்டு மீதி 900ஐ வைத்தியச் செலவுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். தம்பிக்குப் பழைய 600தான். 1957இல் அசாஹி வழக்குப் போட்டார். 1960இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1963இல் மேல்நீதிமன்றம் கவிழ்த்தது. 1964இல் அவர் இறந்துபோனார். அவர் தத்தெடுத்திருந்த தம்பதி வழக்கைத் தொடர முயன்றார்கள். அந்த உரிமை வாரிசுக்குப் போகாது, ஆளோடு முடிந்தது என்று 1967இல் உச்சநீதிமன்றம் கோப்பை மூடியது.

இனி படக்கதைக்கு வரலாம். யோஷிட்சுனே எமிரு தோக்கியோவின் ஒரு வட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். உதவி பெறும் 110 குடும்பங்கள் அவள் பொறுப்பு. நகரங்களுக்குச் சட்டம் சொல்லும் அளவுகோல் ஆளுக்கு 80. சேர்ந்த கொஞ்ச நாளில், சாகப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்ன ஒருவர் நிஜமாகவே செத்துப்போகிறார். அவளைத் தேற்றுவதாக நினைத்துச் சக ஊழியர் ஒருவர் சொல்கிறார்: ஒரு கேஸ் குறைந்தது, வரிப்பணம் மிச்சம். பக்கத்தில் அந்த வாக்கியத்தின் மேல் நான் வேண்டும்வரை நின்றுகொள்ளலாம். அதைச் சொன்னவர் வில்லன் இல்லை, என் அலுவலகத்திலும் இருக்கக்கூடியவர் என்று உறைக்கிறவரை நிற்கலாம். திரை அப்படி நிற்காது. அங்கே அடுத்து யோஷியோகா ரிஹோவின் கண்கள் கலங்க வேண்டும்.

குசாகபே என்ற பள்ளிக்கூடப் பையனின் கதைதான் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது. உதவி பெறும் வீட்டுப் பிள்ளை. பகுதிநேர வேலை பார்த்துச் சம்பாதித்ததைக் கிதாருக்கும் பாட்டுக்குமாகச் செலவழித்தவன். வருமானத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது அவனுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. வரிப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது அகப்பட்டுக்கொள்கிறான். உதவிச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி சம்பாதித்தது முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அசாஹியின் 900 யென்தான் இது, அரை நூற்றாண்டு கழித்துக் கிதாராக வந்திருக்கிறது. ‘பண்பாடுள்ள’ என்ற சொல்லுக்கு ஒரு கிதார் அடங்குமா என்பது சட்டக் கேள்வி. தொடர் இதை ஒரு நல்ல பெண்ணின் மனவேதனையாக மாற்றிவிடுகிறது என்றே எனக்குப் பட்டது. வாராவாரம் ஒரு வாடிக்கையாளர், ஒரு துயரம், நாயகிக்கு ஒரு பாடம் என்பது அங்கே ‘வேலைத் தொடர்’ வகையின் இலக்கணம். வறுமை அவள் வளர்வதற்கான பள்ளிக்கூடம் ஆகிவிடுகிறது.

ஆனாலும் தொடரை அப்படியே தள்ளிவிட மனசு வரவில்லை. கடனை ரகசியமாக அடைத்துக்கொண்டு அரைப்பட்டினியில் மெலிந்துபோன அகுசாவாவாக எண்டோ கெனிச்சி வருகிறார். கூடுதலாகக் கட்டிய வட்டியைக் கணக்குப் பார்த்தால் கடனே இல்லை என்று இலவசச் சட்ட உதவியில் தெரியவருகிறது. அந்த உடம்பு, அந்தக் கூச்சம் கோட்டோவியத்தில் இவ்வளவு கனத்ததில்லை. நடிகனின் உடலும் ஒரு பிரதிதான்.

நாயகியை நேசிக்கும்படி இந்தத் தொடர் கேட்ட காலம் எது? 2017 ஜனவரியில் ஒதவாரா நகரத்தில் ஒரு செய்தி வெளிவந்தது. உதவித்தொகை அலுவலர்கள் ‘உதவியை லேசா நினைக்காதே’ என்ற பொருள்பட எழுதிய ஜாக்கெட் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போயிருக்கிறார்கள். முதுகில் ஆங்கிலத்தில், ஏமாற்றுகிறவன் கழிசடை என்று. உதவி நிறுத்தப்பட்ட ஒருவர் 2007இல் அலுவலர்களைக் காயப்படுத்திய பிறகு தைத்துக்கொண்டது. 10 வருஷம் ஓடியது. அதை அணிந்தவர்களும் எமிருவைப் போலச் சமாளிக்க முடியாத கோப்புகளின் அடியில் கிடந்தவர்கள்தாம். அந்த ஜாக்கெட்டை எமிருவுக்கு ஒரே ஒரு நாள் மாட்டிப் பார்த்திருந்தால் தொடர் வேறு தொடராகியிருக்கும்.

இன்னொரு கதையில், தகப்பனின் கொடுமையிலிருந்து தப்பி வந்த இளைஞனின் உதவி விண்ணப்பம். உறவினரால் தாங்க முடியுமா என்று விசாரித்துக் கடிதம் போடுவது அலுவலக வழக்கம். அசாஹியின் அண்ணனைத் தேடிய அதே கை. இந்தத் தடவை தேடிப் போனது யாரைத் தேடக் கூடாதோ அவரை. இதைப் படக்கதை, தொடர் இரண்டுமே சொல்கின்றன, தொடரும் நன்றாகவே சொல்கிறது. 2021இல் உதவிக் குழுக்கள் கையெழுத்து திரட்டி நெருக்கிய பிறகு, விண்ணப்பதாரர் மறுத்தால் அதை மதிக்க வேண்டும் என்று அமைச்சகம் விதியைத் தளர்த்தியது.

தொடரின் மையத்துக்கு வராதது ஒன்றுண்டு, தொகை. 2012இல் ஒரு நகைச்சுவை நடிகரின் தாயார் உதவி பெற்றதை வைத்துப் பெரிய கூச்சல் எழுந்தது. அந்தத் தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சி 10 சதவீதம் வெட்டுவோம் என்று வாக்களித்து ஆட்சிக்கு வந்தது. 2013இலிருந்து 2015க்குள் சராசரி 6.5 சதவீதம், சிலருக்கு 10 வரை வெட்டினார்கள். 29 மாகாணங்களில் 1,000க்கும் மேற்பட்டோர் வழக்குப் போட்டிருந்தார்கள். தொடர் ஓடிய நாட்களிலும் அந்த வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. கடைசிப் பகுதி 2018 செப்டம்பரில் முடிந்தது. அக்டோபரில் அடுத்த வெட்டு தொடங்கியது. நல்ல அதிகாரி, கறாரான அதிகாரி என்று அலுவலகத்துக்குள்ளேயே நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது மேசைக்கு மேலே எண் மாறிக்கொண்டிருந்தது.

2025 ஜூன் 27 அன்று, 2013இல் தொடங்கிய அந்த வெட்டு சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அதற்குள் வழக்குப் போட்டவர்களில் 200க்கும் மேற்பட்டோர் செத்துப்போயிருந்தார்கள்.