தில்லை மரமும் ஏட்டுச் சுவடியும்



மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கடலோரமாகக் கிடக்கும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் எங்கள் மக்கள் வழங்குவர். பொழுது படுவதையும் எழுவதையும் பார்த்து இட்ட பெயர்கள். குருமண்வெளித் துறையிலே 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனவர் பலர். நானும் அப்படிப் போனவன்தான்.

'தில்லை மண்டூர்' என்றே பழையவர்கள் சொல்வார்கள். தில்லை என்றதும் சிதம்பரம் நினைவுக்கு வரும். ஆனால் தில்லை முதலில் ஒரு மரம். உவர்நீர்க் கரையில் கண்ணா மரங்களோடு வளர்வது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மண்டூர் முருகன் கோயிலின் தொடக்கக் கதை இந்த மரத்தோடும் வேடர்களோடும் இணைத்தே சொல்லப்படுகிறது. சின்னக் கதிர்காமம் எனப் பெயர்பெற்ற அக்கோயிலில், கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு, மந்திரம் எதுவும் சொல்லாமல் பூசை செய்வார்.

வாய்பேசாப் பூசை நடக்கும் அந்த ஊரிலேதான், மட்டக்களப்பார் வாயிற் கிடந்ததையெல்லாம் எழுத்தில் ஏற்றிய பண்டிதர் வி. சீ. கந்தையா பிறந்தார்.

அவருக்கு முன்னும் சிலர் இவ்வழியில் உழைத்தனர். சதாசிவ ஐயர் வசந்தன் பாடல்களைத் திரட்டி 1940 இல் வெளியிட்டார். எப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற பழஞ்சுவடியைப் பதிப்பித்தார். கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இல் வந்தது. அரசர் கதையோடு நின்றுவிடாமல், நாட்டுக்கவி, கூத்து, மருத்துவம், மந்திரம், பேச்சுவழக்கு, கோயில் என்று ஒரு நாட்டின் வாழ்வையே அது எடுத்துவைத்தது. மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைக்கும் ஊர் என்று வெளியூரார் நகையாடிய காலத்தில், அந்நகைப்புக்குத் தக்க பதிலாக அது அமைந்தது என்பது என் எண்ணம்.

அதனினும் பெரிதாக நான் கருதுவது 1968 இல் அவர் பதிப்பித்த 'கண்ணகி வழக்குரை'. வைகாசி மாதத்தில் கண்ணகியம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கின்போது பாடப்படும் காவியம் அது. யாழ்ப்பாணத்தில் 'கோவலனார் கதை' எனவும் முல்லைத்தீவில் 'சிலம்பு கூறல்' எனவும் இக்கதை வழங்கும். மட்டக்களப்பிலோ அது கட்டாடியார்களின் பொறுப்பில், பட்டுத்துணியிற் சுற்றிய ஏடாக இருந்தது. ஏட்டைப் பூச்சி அரிக்கும். படியெடுப்பவர் கையிற் சொல் மாறும். வாங்கிச் சென்றவர் திருப்பித் தராததும் உண்டு.

1978 நவம்பர் 23 இரவில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. வீட்டுக் கூரைகளோடு எத்தனை ஏட்டுப் பெட்டிகள் போயிருக்குமோ! வழக்குரை அச்சேறிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பத்து ஆண்டுகளின் விலையை யார் கணக்கிடுவார்?

'சூழல் பாதுகாப்பு' என்பது அக்காலத்தில் இயக்கமாக நம்மூர்களில் வளரவில்லை. கந்தையாவைச் சூழலியலாளர் என்று அழைப்பதும் மிகையாகும். ஆயினும் வாவியை அறிய விரும்புவோர் அவரிடம் போகாதிருக்க முடியாது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் உயிர், கண்ணா வேர்களுக்கிடையே வளரும் மீன்குஞ்சிலும் இறாலிலும் இருக்கிறது. மாரியில் வெள்ளம் பெருகினால் வயலைக் காக்க முகத்துவாரம் வெட்டுவார்கள். வெட்டினால் உவர்நீர் உட்புகும். வயற்காரரும் மீன்பிடிப்போரும் இதைப் பற்றி நெடுங்காலமாகவே வாதாடி வந்துள்ளனர். இந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தவைதான் அவர் திரட்டிய கவிகள். விறகுக்கும் இறால் பண்ணைக்கும், போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயராலும் கரைமரங்கள் அழிந்தபோது, அவற்றின் பெயர்களுஞ் சேர்ந்து மறைந்தன.

இலங்கையின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் 2015 இல் அறிவிக்கப்பட்டது, நல்ல காரியம். ஆனால் வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் காட்டுக்குள் எது தில்லை, எது கண்ணா என்று காட்ட உள்ளூரிலிருந்துதான் ஒருவர் வரவேண்டும். மண்டூர்க் கரையில் ஒரு தில்லைக்காக வழக்காட முனைபவர், வேறெங்கும் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஊரின் பழம்பெயரையே முதலிற் சொல்லலாம்.