மாதரி வீடு முதல் எங்கள் மாடி ரூம் வரை

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூம் சும்மா கிடந்தது. திருமங்கலத்துக்குக் கல்யாணம், காதுகுத்து என்று வருபவர்களுக்கு அதை ஒரு நாள், இரண்டு நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தோம். அப்பாவின் வேலை சாவியும் காசும். அப்பத்தாவின் வேலை வேறு. ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததுமே மாடிப்படி முடிகிற இடத்தில் மண்பானையில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடும். கட்டிலில் ஒரு பனையோலை விசிறி. கரண்ட் போனால் வேண்டுமாம்.

"எல்லாரும் பாட்டில் தண்ணி வாங்கிட்டுத்தான் வர்றாங்க, எதுக்கும்மா இது?" என்பார் அப்பா.

"கேட்டபெறகு குடுக்குறதுக்குப் பேரு விருந்தாடா?" இது அப்பத்தா.

இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டுத்தான், வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தவர்கள் அந்தக் காலத்தில் என்னவெல்லாம் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடினால் கதை நம்ம மதுரையிலேயே தொடங்குகிறது!

சிலப்பதிகாரம் என்றதும் நமக்குச் சிலம்பும் எரிந்த மதுரையும்தான் ஞாபகம் வரும். நடுவில் வரும் மாதரியைப் பரீட்சைக்குப் படித்து மறந்திருப்போம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்ற இடையர்குலப் பெண்ணிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். மாதரி என்ன செய்கிறாள் பாருங்கள். மற்ற வீடுகளின் சந்தடியில் சேர்க்காமல், செம்மண் பூசி, முன்னால் பந்தல் போட்ட காவலுள்ள ஒரு சிறு வீட்டைத் தனியாகக் கொடுக்கிறாள். நடந்து களைத்த கண்ணகியைக் குளிக்க வைக்கிறாள். துணைக்குத் தன் மகள் ஐயையை விடுகிறாள்.

இதற்கடுத்து வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சமைத்த சோற்றைக் கொண்டுவந்து வைக்கவில்லை. கோவலன் சமண நோன்பு காப்பவன், இருட்டிய பிறகு சாப்பிடமாட்டான். ஆகவே அவர்களே பொழுதோடு சமைத்துக்கொள்ளப் பாத்திரங்களைச் சீக்கிரம் கொடுங்கள் என்கிறாள் மாதரி. ஆயர் பெண்கள் பாத்திரத்தோடு பலாக்காய், வெள்ளரி, மாதுளை, மாம்பழம், வாழைப்பழம், நல்ல அரிசி, பால்பொருள்கள் எல்லாம் கொண்டுவந்து தருகிறார்கள். வந்தவன் எப்போது சாப்பிடுவான், எப்படிச் சாப்பிடுவான் என்று யோசித்துச் செய்தது இது. நம் வீட்டில் நாம் சாப்பிடுவதைக் கொடுப்பது சுலபம், இது அப்படியில்லை. கோவலன் கொலையுண்டதும் அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் பாய்ந்து உயிரை விட்டாள் என்று வஞ்சிக்காண்டத்தில் வருகிறது. ஒரு நாள் பழக்கம்தான்!

சரி, கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். திருமங்கலம் வழியாகத் தெற்கே போகிற பழைய பெருவழிக்கு மங்கம்மாள் சாலை என்று பெயர். 1689 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, பேரனுக்காக மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள்தான் காரணம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற மங்கம்மாள் சத்திரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சத்திரம் ரயிலுக்கு எதிரே கட்டப்படவில்லை, 1870களில் ரயில்தான் சத்திரத்துக்கு எதிரே வந்து நின்றது :)

பழைய வழிகளில் இன்னொன்றும் உண்டு, சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கவும், திரும்பத் தூக்கவும் சரியான உயரம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாகத்தான் பல ஊர்களில் இதை நட்டார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். யார் முதலில் யோசித்தார்களோ!

சத்திரம் என்றால் தஞ்சாவூரைச் சொல்லாமல் முடியாது. 1799 ஒப்பந்தத்தில் ராஜ்ஜியத்தைக் கும்பினியிடம் இழந்தவர் இரண்டாம் சரபோஜி. கையில் மிஞ்சியது கோட்டையும் ஓய்வூதியமும்தான். 1801 ஜனவரியில் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் சத்திரங்களுக்குக் கைவைத்துவிடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அங்கே என்னென்ன நடக்கிறது என்று பட்டியலே கொடுக்கிறார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நடுராத்திரி வரை சாப்பாடு நடக்கும். பிறகு ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று அர்த்தம்.

இன்னும் இருக்கிறது. நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும். விஷக்கடிக்கு வைத்தியர். கைக்குழந்தைகளுக்குப் பால். வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மூன்று வேளை சாப்பாடு, படிப்பு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். சத்திரத்தில் பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் தங்கலாம், செலவு சத்திரத்தோடது. நாட்டை இழந்த ராஜா எண்ணெய்க் குளியலைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அந்தக் காலம் பொற்காலம்' என்று எழுதிவிடலாம். ஆனால் பொய். 1904ல் காசிக்குப் போன ஈ.வெ.ராமசாமியை, பிராமணர் இல்லை என்பதால் சத்திரத்தில் சாப்பிட விடவில்லை. பசியில் வெளியே விழுந்த எச்சில் இலையைச் சாப்பிட்டார். அந்தச் சத்திரத்தைக் கட்டியதோ பிராமணர் அல்லாத ஒரு தென்னாட்டு வியாபாரி! பிற்பாடு பெரியார் ஆன கதை நமக்குத் தெரியும். நம் ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர், மற்றவர் என்ற தனித்தனி இடம் ஒழிந்ததே 1941ல்தான். நடுராத்திரி மணி எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கவில்லை.

இப்போது உலகமே பேசுகிற ஏர்பிஎன்பி, 2007ல் சான்பிரான்சிஸ்கோவில் வாடகை கட்ட முடியாத இரண்டு பேர் காற்றுமெத்தை விரித்து, காலை டிபனோடு மூன்று பேரைத் தங்க வைத்ததில் தொடங்கியது. அந்த மூவரில் ஒருவர் இந்தியர். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் மாடிக்கே வருகிறேன். அப்பத்தா பானை வைக்கும், விசிறி வைக்கும், கைக்குழந்தை இருந்தால் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிடும். கூடவே படியில் நின்று ஒரு கேள்வியும் கேட்கும். "எந்த ஊரு தம்பி?" அதோடு நிற்காது. "நீங்க என்ன ஆளுக?"

போன மாதம் என்னைவிட நாலைந்து வயது பெரியவர் ஒருவர் தனியாக வந்தார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னார். இரண்டாவதற்குச் சிரித்தார், பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ரூமைக் கூட்டப் போனேன். பானை நிறையத் தண்ணீர், டம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது. ரூமுக்குள் கடையில் வாங்கிய இரண்டு காலி பாட்டில்கள்.

தாகம் இல்லாமலும் இருந்திருக்கலாம்தான்.

அதற்கடுத்து வந்தவர்கள் ராஜபாளையத்துக்காரர்கள், ஒரு அக்காவும் அவர் அம்மாவும். ஆட்டோ நின்ற சத்தம் கேட்டதும் அப்பத்தா எழுந்திருப்பதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று மட்டும் கேட்டேன்.